பனியில் விழுந்த முட்டைகள்

எங்கள் வட்டாரத்தில் யாராவது தவறிவிட்டால், அடக்கத்துக்கு நேரம் குறிக்கும் முன்பே பிரேய்னா ஸால்ட்ஸ்மனுக்குப் போன் போய்விடும். யூதர்களான எங்கள் வழக்கப்படி, துக்க வீட்டார் கல்லறையிலிருந்து திரும்பியதும் சாப்பிடும் முதல் வேளை அவர்கள் வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து போட வேண்டும், அதில் அவித்த முட்டையும் பருப்பும் வட்ட ரொட்டியும் இருக்க வேண்டும். கனடாவில், வின்னிப்பெக் நகரின் வடக்குப் பகுதியில் அக்கம்பக்கத்தார் என்றால் பிரேய்னா என்றுதான் அர்த்தம். யார் முட்டை வேக வைப்பது, யார் பருப்புக்குப் பொறுப்பு, யார் வீட்டு ரொட்டி ஒழுங்கான வட்டமாக வரும், யார் செய்யும் குகெல் என்ற இனிப்பு நூடுல்ஸ் பலகாரம் அடிப்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் ஜெப ஆலயத்தில் மதகுருவை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. பிரேய்னாவை எதிர்த்துப் பேசியவர்கள் கிடையாது.

பிரேய்னாவின் பக்கத்து வீட்டு ஹெர்ஷ் லுபார்ஸ்கிக்கு அந்தப் பட்டாளத்தில் ஒரே ஒரு வேலைதான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவியை இழந்த பிறகு தனியாக இருந்தார். கசாப்புக் கடை பின்ஹஸ் இறந்தபோது ஆர்வக் கோளாறில் தானே ஒரு குகெல் செய்து எடுத்துப் போனார். சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியிருந்தார். ஒரு வாய் வைத்த பின்ஹஸின் மனைவி, துக்கத்தை மறந்து தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார். பிரேய்னா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஹெர்ஷ், இனிமே நீங்க பேப்பர் தட்டு கொண்டு வாங்க. பேப்பர் கப்பும் கொண்டு வாங்க. வேற எதுவும் கொண்டு வராதீங்க."

அதன் பிறகு எத்தனையோ துக்க வீடுகள். எல்லாவற்றுக்கும் ஹெர்ஷ் தட்டும் கப்பும் வாங்கிப் போனார். முனகாமல் போனார் என்று சொல்ல முடியாது.

மார்ச் மாதத்தில் பிரேய்னாவின் அண்ணன் கெட்செல் இறந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. பிரேய்னாவின் கணவர் இறந்த பிறகு தங்கையின் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தவர், தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விட்டார். பிரேய்னாவின் மகள் ரிவா டொரொன்டோவிலிருந்து விமானம் பிடித்து வந்தாள்.

அடக்கம் நடக்கும்போதே காற்று மாறிவிட்டது. மண்ணை அள்ளிப் போடுவதற்குள் மண்வெட்டி மேல் பனி படிந்தது. வந்திருந்த கொஞ்சம் பேரும் பிரார்த்தனையை முடித்துவிட்டு அவரவர் காருக்கு ஓடினார்கள். பிரேய்னாவையும் ரிவாவையும் ஹெர்ஷ்தான் தன் பழைய காரில் அழைத்து வந்தார். முன்னால் போன பனி வாரும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே, பஸ் ஓட்டிய காலத்து நிதானத்தோடு ஊர்ந்து ஊர்ந்து வீடு கொண்டுவந்து சேர்த்தார். கல்லறையிலிருந்து வருபவர்கள் கை கழுவ வாசலில் வைத்திருந்த தண்ணீர், மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. ரிவா அதை முழங்கையால் உடைத்தாள்.

உள்ளே துக்க வழக்கப்படி கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தது. பிரேய்னா தோல் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிச் செருப்பு போட்டுக்கொண்டு, துக்கத்துக்கு அடையாளமாக மார்புப் பக்கம் கிழித்த ஸ்வெட்டரோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாரத்துக்கு அதுதான் அவருடைய இடம். எழுந்து அடுப்படிக்குப் போகக் கூடாது, யாருக்கும் எதுவும் எடுத்து வைக்கக் கூடாது. பிரேய்னா மாதிரி ஒருவரைக் கட்டிப் போட இதைவிடப் பெரிய கயிறு வேண்டியதில்லை.

போன் அடித்தது. அன்றைய சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்றிருந்த ஃபெய்கா.

"பிரேய்னா, எங்க கார் எங்க இருக்குன்னே தெரியல. வாசல்ல ஒரு மேடு இருக்கு. அது கார்தானான்னு என் வீட்டுக்காரர் குச்சி வெச்சுக் குத்திப் பாத்துக்கிட்டிருக்கார்."

"முட்டை வேக வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"பருப்பு?"

"அது இன்னொரு வீட்ல வெந்துக்கிட்டிருக்கு. ரொட்டி வேறொரு வீட்ல. யாரும் தெருவுல கால் வைக்க முடியல."

"பருப்புல வெங்காயத்தக் கருக விடாம..."

"பிரேய்னா, இன்னிக்கு நீ துக்க வீட்டுக்காரி. நீ கேள்வி கேக்கக் கூடாது," என்று ஃபெய்கா போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போய்விட்டது. ஹீட்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது. ரிவா கிடைத்த கம்பளியெல்லாம் கொண்டுவந்து அம்மாவின் மேல் போர்த்தினாள்.

"அம்மா, ஃபிரிட்ஜ் நெறைய சாப்பாடு இருக்கே."

"அது நம்ம வீட்டுச் சாப்பாடு."

"நான் சமைச்சுத் தரேன். நான் தங்கச்சியா, அக்காவா? மாமாவுக்கு நான் துக்கம் உக்காரணும்னு சட்டமில்லையே."

"நீ சமைப்பே. முட்டை யார் வீட்டு முட்டை?"

"நம்ம வீட்டு... சரி. நான் டொரொன்டோவிலேர்ந்து ஏதாவது கொண்டு வந்திருக்கணும்." ரிவா கைப்பையைக் கவிழ்த்தாள். விமானத்தில் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று விழுந்தது.

பிரேய்னா அதைப் பார்த்தார். "வேர்க்கடலைய வெச்சா எங்கண்ணனுக்குத் துக்கம் கொண்டாடணும்? வேண்டாம். இருட்டற வரைக்கும் பொறுத்துக்கறேன். இருட்டினா மொத நாள் முடிஞ்ச கணக்கு, அப்புறம் நம்ம வீட்டுதே சாப்பிடலாம். நான் வெச்ச சூப் இருக்கு."

"நேத்து ராத்திரியிலேர்ந்து நீ ஒண்ணுமே சாப்பிடல."

"பசிக்கல."

ரிவாவுக்குத் தெரியும், அம்மா பசிக்கவில்லை என்று சொன்னால் நிலைமை மோசம் என்று. மறு பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிர்காலம் முழுக்க புளோரிடாவில். எதிர்வீடு எங்கே என்றே தெரியவில்லை, ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. போன் மட்டும் வேலை செய்தது. அவள் ஹெர்ஷை அழைத்தாள்.

"யாரும் வரலையா?" என்றார் ஹெர்ஷ்.

"யாராலயும் வர முடியல, ஹெர்ஷ் மாமா. அம்மா இருட்டினப்புறம் தன்னோட சூப்பையே சாப்பிட்டுக்கறாங்களாம்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"பக்கத்து வீட்ல ஒரு ஆள் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு வேலி. அவங்க அண்ணன அடக்கம் பண்ணிட்டு வந்து தன் சூப்பத் தானே ஊத்திக் குடிச்சாங்கன்னா, நாளைக்கு நான் யார் மூஞ்சில முழிக்கிறது? அவங்கள அடுப்படிப் பக்கம் விடாதே. இன்னும் வெளிச்சம் இருக்கு."

"கரன்ட் இல்லையே, எதுல சமைப்பீங்க?"

"ஒறஞ்ச ஏரில ஓட்டை போட்டு மீன் புடிக்கப் போறப்ப எடுத்துட்டுப் போற அடுப்பு இருக்கு. கார் ஷெட்ல கதவத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பத்த வைக்கிறேன்."

ரிவா போனை வைத்ததும் முக்காலியிலிருந்து குரல் வந்தது. "யாரு? ஹெர்ஷா? சமைக்கறாரா?"

"ஆமாம்மா."

"வேண்டாம்னு சொல்லு. பேப்பர் தட்டு போதும்னு சொல்லு."

"துக்க வீட்டுக்காரங்க கேள்வி கேக்கக் கூடாதாம். ஃபெய்கா சொன்னாங்க."

பிரேய்னா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சிறிது நேரத்தில் மறுபடி போன்.

"ரிவா, முட்டை வெந்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ரிவா டொரொன்டோவில் பற்களுக்குக் கம்பி கட்டுகிற டாக்டர். முட்டையை ஹோட்டலில்தான் பார்த்திருக்கிறாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிரேய்னா சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் தாங்கவில்லை.

"ஒடைக்காம தெரியாது. ஒடைச்சிட்டா பிரயோஜனம் இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொல்லு. உப்பு டப்பாவத் தொடவே கூடாதுன்னு சொல்லு!"

"கேட்டுச்சு," என்றார் ஹெர்ஷ் போனில். "ஊருக்கே கேட்டிருக்கும்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஹெர்ஷ் தன் ஷெட்டிலிருந்து வெளிப்பட்டதை ரிவா ஜன்னல் வழியே பார்த்தாள். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை அவர் வீட்டுத் தூணில். பின்னால் மீன் பிடிக்கப் போகும்போது இழுத்துப் போகும் சறுக்குப் பலகை. அதன் மேல் தன்னுடைய நல்ல கோட்டால் சுற்றிய இரும்புச் சட்டி. சட்டி மேல் முட்டைப் பாத்திரம். நல்ல நாளில் நாலு எட்டில் கடந்துவிடுகிற தூரம்தான். அன்று அவர் தொடை வரை புதைந்து புதைந்து, கடலில் நடப்பவர் போல வந்தார். வேலி இருந்த இடத்தில் வேலியும் தெரியவில்லை. அதில்தான் அவர் கால் மாட்டியது.

ரிவா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஹெர்ஷ் குப்புறக் கிடந்தார், ஆனால் கவிழ்ந்த பலகையிலிருந்து பாய்ந்து பிடித்த சட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சட்டி பத்திரம்! முட்டைதான் போச்சு!"

"உங்களுக்கு அடி பட்டுதா?"

"என்னை விடு. முட்டையத் தேடு!"

வெள்ளைப் பனியில் வெள்ளை முட்டை. மேலே பனி விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் மண்டி போட்டுத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அப்போது ரிவா ஒன்றைக் கவனித்தாள். பனியின் மேல் வட்ட வட்டமாகச் சின்னத் துளைகள். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்த முட்டைகள் விழுந்த இடத்திலேயே பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தன. கையை விட்டாள். வெதுவெதுப்பாக ஒரு முட்டை வந்தது.

"மாமா, இங்க! இங்க ஒரு ஓட்டை!"

"ஓட்டைல கை விட்டுப் புடிக்கறது நம்ம தொழில்," என்று ஹெர்ஷ் கூச்சலிட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. துக்க வீட்டின் வாசலில் சிரிக்கிறோமே என்று நினைத்தபோது இன்னும் சிரிப்பு வந்தது. ஒரு முட்டையைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. அந்த ஒன்று ஏப்ரலில் பனி உருகும்போது அகப்படும் என்று விட்டுவிட்டார்கள்.

உள்ளே வந்த ஹெர்ஷ், பனி மனிதன் போல முக்காலிக்கு எதிரே நின்றார். துக்க வீட்டில் துக்கப்படுகிறவர் பேசும் வரை வந்தவர் பேசக் கூடாது. ஹெர்ஷ் பேசவில்லை. பிரேய்னாவும் பேசவில்லை. ஹெர்ஷின் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹெர்ஷ், உங்க மூக்கு நுனில ஐஸ் தொங்குது," என்றார் பிரேய்னா கடைசியில்.

"அப்பாடா," என்று ஹெர்ஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் பேசாம இருந்திருந்தீங்கன்னா விழுந்து கால்ல குத்தியிருக்கும். ரிவா, ஜன்னலப் பாரு. வெளிச்சம் இருக்கா?"

"இருக்கு, கொஞ்சம்."

"தட்டு எடு."

"நீங்க கொண்டு வரலையா?"

ஹெர்ஷ் தன் இரண்டு கையையும் பார்த்தார். சறுக்குப் பலகை கிடந்த வாசலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு துக்க வீட்டுக்கு அவர் தட்டில்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

"கடவுளே," என்றார் பிரேய்னா, "இவருக்குன்னு இருந்தது ஒரே ஒரு வேலை!"

ரிவா வீட்டுப் பீங்கான் தட்டையே கொண்டுவந்தாள். ஹெர்ஷ் தரையில் உட்கார்ந்து, விறைத்த விரல்களால் ஒரு முட்டையைப் பொறுமையாக உரித்து பிரேய்னாவின் கையில் வைத்தார். முட்டை மிதமிஞ்சி வெந்து மஞ்சள் கரு பச்சை பாரித்திருந்தது. பிரேய்னா அதை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். மற்றவர்கள் கையில் எத்தனை முட்டை வைத்திருப்பார். தன் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தபோதுதான் அண்ணன் நிஜமாகவே போய்விட்டார் என்பது உறைத்தது.

"சாப்பிடுங்க," என்றார் ஹெர்ஷ் மெதுவாக. "ஒரு கடி."

பிரேய்னா கடித்தார். மென்றார். முழுங்கினார்.

"ரப்பர் மாதிரி இருக்கு."

"நீங்கதான இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொன்னீங்க?"

"கொஞ்ச நேரம்னேன். பாஸ்கா பண்டிகை வரைக்கும் விடச் சொல்லல." ஆனால் முழு முட்டையையும் சாப்பிட்டார். சட்டியைச் சுற்றியிருந்த கோட்டின் பையிலிருந்து, அடுப்பில் வாட்டிய பேகல் என்ற வளைய ரொட்டி ஒன்றை ஹெர்ஷ் எடுத்துக் கொடுத்தார். அதையும் சாப்பிட்டார். பிறகு ஹெர்ஷ் சட்டியின் மூடியைத் திறந்தார். வெண்ணெயும் வெங்காயமும் மணக்க, பொன்னிறமாகப் பொரித்த ஏரி மீன். அந்தக் குளிர்ந்த அறை முழுக்க வாசனை பரவியது.

பிரேய்னா சந்தேகத்தோடு ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். ஹெர்ஷைப் பார்த்தார். மறுபடி மென்றார்.

"இது யார் பண்ணினது?"

"நான்தான்."

"பொய் சொல்லாதீங்க. நீங்க உப்புல குகெல் பண்ணின ஆளு. யார் சொல்லிக் குடுத்தது?"

ஹெர்ஷ் தரைவிரிப்பின் ஓரத்தை நோண்டினார். "கெட்செல்."

"எங்கண்ணனா? அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே!"

"செய்யத் தெரியாது, செய்யச் சொல்லத் தெரியும். செவ்வாய்க்கிழமை சீட்டாட வருவார் இல்ல? வந்ததும் நேரா அடுப்படிக்குத்தான் வருவார். பக்கத்துல நின்னுக்கிட்டு, 'திருப்பாதே, திருப்பாதே, அவசரப்படாதே... இப்பத் திருப்பு'ம்பார். ஆரம்பத்துல கெடுத்த மீனுக்கெல்லாம் கணக்கே இல்ல."

பிரேய்னாவின் முகம் சிவந்தது. "வெண்ணெயிலயா? உப்பு போட்டா? டாக்டர் ரெண்டையும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரே! நான் அவருக்கு எல்லாத்தையும் ஆவில வேக வெச்சுக் குடுத்தேனே!"

"ஆமாம். அதப் பத்தியும் சொல்லுவார்."

"என்ன சொல்லுவார்?"

"அத விடுங்க."

"செவ்வாய்க்கிழமை ராத்திரியானா என் சூப் வேண்டாம்னுடுவார்! வயசாச்சு, பசி செத்துப்போச்சுன்னு நெனச்சு நான் டாக்டருக்குப் போன் பண்ணி அழுதேன், ஹெர்ஷ். நெஜமாவே அழுதேன்!"

"தெரியும். டாக்டர் பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுத்தாராமே." ஹெர்ஷ் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "நல்ல டானிக். அதக் குடிச்சிட்டு வந்து அடுத்த வாரம் ரெண்டு துண்டு அதிகமா கேட்டார்."

அம்மா சட்டியைத் தூக்கி அவர் தலையில் போடப் போகிறாள் என்று ரிவா நினைத்தாள். பிரேய்னாவின் தோள்கள் குலுங்கின. முதலில் அழுகை என்றுதான் தோன்றியது. பிறகு சத்தம் வந்தது. முக்காலியே ஆட, கம்பளி கீழே விழ, பிரேய்னா சிரித்தார். "டானிக்! ஒவ்வொரு நாளும் நானே ஸ்பூன்ல ஊத்தி ஊட்டினேன்! முகத்த எப்படிச் சுளிப்பார் தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறியது. ரிவா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேய்னா கேட்டார்:

"நல்லா சாப்பிடுவாரா?"

"தட்ட நக்காத குறைதான்."

"சரி," என்றார் பிரேய்னா. "சரி. இன்னொரு துண்டு போடுங்க."

வெளியே இருட்டியது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் தெருவைத் திறந்தார்கள். ஃபெய்காவும் மற்றவர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள், இரண்டு நாள் சாப்பாட்டோடு. மேஜை போதாமல் பியானோ மேலும் பாத்திரங்களை அடுக்கினார்கள். பிரேய்னா முக்காலியை விட்டு அசையாமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசி பார்த்துக் குறை சொன்னார். குறை சொல்லச் சொல்ல, வந்தவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. யார் வந்தாலும் ஹெர்ஷ் அவர்களிடம் டானிக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் கெட்செலைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்கள். ஜெப ஆலயத்தின் பாதிப் பேர் வீட்டில் அவர் டாக்டருக்குத் தெரியாமல் ஏதாவது ஒன்று சாப்பிட்டிருந்தார் என்பது அந்த வாரத்தில்தான் வெளியே வந்தது. ஒரு வீட்டில் வாத்து.

வாரத்தின் நடுவில், மாலைப் பிரார்த்தனைக்கு வந்த ஆண்கள் அந்த மீனைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹெர்ஷ் தன் ஐஸ் பெட்டியில் இருந்த மீனையெல்லாம் எடுத்து வந்து, பிரேய்னாவின் அடுப்படியில், பிரேய்னாவின் அடுப்பில் பொரித்தார். இத்தனை வருஷத்தில் அந்த அடுப்பைத் தொட்ட முதல் வெளியாள் அவர்தான். கூடத்து முக்காலியிலிருந்து பிரேய்னா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சட்டிச் சத்தம் மாறிடுச்சு, ஹெர்ஷ்! தீயக் கொறைங்க!"

"நீங்க துக்க வீட்டுக்காரி! சமையல் பண்ணக் கூடாது!"

"நான் எங்க சமைக்கிறேன்? உக்காந்துக்கிட்டுதானே இருக்கேன்!"

கடைசி நாள் காலை, வழக்கப்படி பிரேய்னா முக்காலியிலிருந்து எழுந்தார். ரிவா கண்ணாடிகளின் துணியை எடுத்தாள். பிரேய்னா நிஜமான பூட்ஸ் போட்டுக்கொண்டு, தெருவை ஒரு சுற்று நடந்து வரக் கிளம்பினார். துக்கத்தை முடித்துக்கொண்டு மறுபடி ஊருக்குள் வருவதற்கு அதுதான் வழி. ரிவா ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெர்ஷ் முன்னால் போய், வழுக்கும் இடத்தையெல்லாம் பூட்ஸால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வெயிலில் கண் கூசியது. இரண்டு பக்கமும் வாரிக் குவித்த பனி ஆள் உயரத்துக்கு நின்றது.

"ஐஸ் பெட்டி காலி," என்றார் ஹெர்ஷ் திரும்பாமலேயே. "ஏரில ஐஸ் இன்னும் ரெண்டு வாரம் தாங்கும். வியாழக்கிழமை போலாம்னு இருக்கேன். நீங்களும் வர்றதுன்னா வரலாம்."

"நானா? அந்தக் குளிர்ல, ஐஸ் மேல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டு, ஒரு ஓட்டைய நாள் பூரா வெறிச்சுப் பாத்துக்கிட்டு? எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

மூவரும் மூலை திரும்பினார்கள். பனி வாரும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு கடந்து போனது. அது போய்ச் சத்தம் அடங்கியதும் பிரேய்னா ஹெர்ஷின் பக்கம் எட்டி நடந்தார்.

"வியாழக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.